வாழ்த்துகள் போதும், கடிதம் எழுதுங்கள்

எங்கள் விஞ்ஞானக் கதை இதழின் மூன்றாவது இலக்கம் வந்து ஆறு கிழமையாகிறது. நாற்பது பக்கம். ஏ4 தாளை நடுவில் மடித்து இரண்டு ஸ்டேப்ளர் கம்பி அடித்தது. அட்டைப்படம் ஒரு பிள்ளை கறுப்புப் பேனையால் வரைந்தது. மொத்தம் 120 பிரதிகள். எழுதியவர்கள் எல்லோரும் ஓஎல் பரீட்சைக்கும் ஏஎல் பரீட்சைக்கும் நடுவில் நிற்கிற பிள்ளைகள், ஒருத்தி மட்டும் கம்பஸ் முதல் வருடம். நான் அவர்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சர். எழுத்துப்பிழை பார்ப்பதும் போட்டோக்கொப்பிக் கடைக்கு அலைவதும் என் பங்கு.

அட்டையைப் படம் எடுத்து இங்கே போட்டபோது 340 பேர் விருப்பம் தெரிவித்தீர்கள். "வாழ்த்துகள்", "சிறப்பு", "பணி தொடரட்டும்" என்று எழுதினீர்கள். நன்றி. ஆனால் அச்சடித்ததே 120 தான். இதழைக் கையில் எடுக்காமலே வாழ்த்தியவர்கள்தான் அதிகம் என்பது கணக்குப் போடாமலே தெரிகிறது. பிள்ளைகளும் அதைக் கவனித்தார்கள். "ரீச்சர், ஒருத்தரும் கதையைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே" என்று ஒருத்தி கேட்டாள்.

சொன்னவர்கள் ஒன்பது பேர். நான்கு கடிதம் தாளில் வந்தது. மூன்று பேர் வட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பினார்கள். ஒருவர் ஒழுங்கையில் மறித்துச் சொன்னார். இன்னொருவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கிணற்றுக் கடிதம். இந்த இதழில் ஒரு தம்பி எழுதிய கதை 2090 இல் நடக்கிறது. கடல் மட்டம் உயர்ந்துவிட்டது. ஒருநாள் விடிய எழும்பினால் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிக் கிணறுகள் எல்லாம் உப்பு. ஒரே இரவில். கதை அங்கே தொடங்கி ஊர் இடம்பெயர்வதில் முடிகிறது. அவன் அதை நன்றாகத்தான் எழுதியிருந்தான், எனக்கும் பிடித்திருந்தது. நான் அதில் இரண்டு சந்திப்பிழை மட்டும் திருத்தினேன்.

பதினைந்து நாள் கழித்துத் தோட்டக்கார ஐயா ஒருவரிடமிருந்து கொப்பித் தாளில் இரண்டு பக்கக் கடிதம் வந்தது. "தம்பி, ஒரே இரவில் வராது" என்றுதான் தொடங்கியிருந்தார். செம்மண்ணில் நாற்பது வருடம் வெங்காயம் செய்தவர். உப்பு ஏறுவதை முதலில் நாக்கு அறியாது, வெங்காயத் தாளின் நுனிதான் அறியும், நுனி எரிந்து மஞ்சளாகும், அதை நோய் என்று நினைத்து மருந்து அடிப்பார்கள், இரண்டு மூன்று போகம் அப்படியே போகும் என்று எழுதியிருந்தார். கடலைக் குற்றம் சொல்கிற கதையில், ஊரில் யார் எத்தனை மணித்தியாலம் மோட்டர் போட்டு இறைத்தார்கள் என்று ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டாமா என்றும் கேட்டிருந்தார்.

ஐயா சொன்னதுதான் சரி. நான் விஞ்ஞான ரீச்சர், கவனித்திருக்க வேண்டும். யாழ் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கிற கடல்நீரின் மேல் ஒரு வில்லையைப்போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு மீற்றர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. அதனால் மேலே ஓரடி இறைத்துக் குறைத்தாலும் காலப்போக்கில் அடியில் உப்பு நாற்பது அடி ஏறிவரும். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்று சின்ன வயதிலிருந்தே எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கதையில் விட்டுவிட்டோம். வாழ்த்தியவர்களில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

தம்பிக்கு முகம் செத்துப்போனது. "இவருக்குக் கதை எண்டால் என்னெண்டு தெரியாது ரீச்சர்" என்றான். இரண்டு நாள் வகுப்பில் கதைக்கவே இல்லை. மூன்றாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐயாவின் தோட்டத்துக்கே போய்விட்டான். திரும்பி வரும்போது காற்சட்டை முழுக்கச் செம்மண். அந்தக் கதையை இப்போது திருப்பி எழுதுகிறான். ஓரிரவில் முடிந்த கதை பதினொரு வருடமாகிவிட்டது. அப்பா மோட்டர் பூட்டுகிறார், பக்கத்து வளவுக்காரர் அதைவிடப் பெரிய மோட்டர் பூட்டுகிறார், வேலிச் சண்டை வருகிறது, உப்பும் வருகிறது. முதல் வடிவம் நான் எங்கேயோ வாசித்ததுபோல இருந்தது. இது எங்கள் ஊர்.

அந்த இரண்டு பக்கக் கடிதம் செய்ததை 340 விருப்பக்குறிகளால் செய்ய முடியவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பலருக்கு இதழ் எட்டவே இல்லை, அது எங்கள் பக்கத்துப் பிழை. ஆனால் 120 பிரதி அச்சடித்தும் ஒன்பது பேர்தான் வாய் திறந்தார்கள் என்பதை நினைக்க எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட இதழ்கள் உண்டானதே கடிதத்தில்தான். 1926 ஏப்ரலில் ஹியூகோ கேர்ன்ஸ்பாக் அமெரிக்காவில் முழுக்க விஞ்ஞானக் கதைகளுக்கென்று ஒரு மாத இதழ் தொடங்கினார். அதில் வாசகர் கடிதப் பகுதி இருந்தது. கடிதம் எழுதியவரின் பெயரோடு முழு முகவரியும் அச்சிடுவார்கள். எங்கோ ஒரு சிற்றூரில் தனியாக இருந்து இதையெல்லாம் வாசித்த பெடியனுக்கு, தன்னைப்போல் இன்னொருவன் இந்த முகவரியில் இருக்கிறான் என்று தெரிந்தது. ஆசிரியருக்கு எழுதுவதை விட்டு ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினார்கள். கடிதச் சங்கங்கள் உண்டாயின. 1930 மே மாதம் அப்படி ஒரு சங்கம் தானே அச்சிட்ட சின்ன இதழைத்தான் முதல் இரசிகர் இதழ் என்கிறார்கள். இரசிகர் இதழைக் குறிக்கிற ஃபான்சீன் என்ற சொல்லே பத்து வருடம் கழித்து 1940 இல்தான் வந்தது. சூப்பர்மானை உருவாக்கிய இரண்டு பெடியளும் பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் ரோணியோ என்ற படியெடுக்கும் மிசினில் உருட்டி இப்படி ஒரு இதழ் நடத்தியவர்கள். ரோணியோ என்றால் எங்கள் வயதுக்காரருக்கு படிக்கத் தந்த ரியூட்டுத் தாளின் மை மணம் இப்போதும் மூக்கில் வரும்.

இந்த இரசிகர் இதழ்க்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. இதழுக்குக் காசு தரத் தேவையில்லை. கடிதம் எழுதினால் அடுத்த இதழ் வரும். கதையோ படமோ தந்தாலும் வரும், உன் இதழை அனுப்பினால் என் இதழ் வரும். ஹாரி வோர்னர் என்று ஒருவர் ஹேகர்ஸ்டவுன் என்ற ஊரில் இருந்துகொண்டு கிடைத்த இதழுக்கெல்லாம் விபரமாகக் கடிதம் எழுதிக்கொண்டே வாழ்ந்தார். பல இதழ்க்காரர்களுக்கு அவருடைய கடிதம் வந்தால்தான் இதழ் வெளிவந்ததாகவே மனம் ஒப்பும். பேர்போன விஞ்ஞானக் கதைக்காரர் ஆர்தர் சி. கிளார்க்கின் முதல் கதை 1937 இல் வந்ததும் இப்படி ஒரு அமெச்சூர் இதழில்தான். அதே கிளார்க் 1956 இல் எங்கள் நாட்டுக்கு வந்து, அந்த வருடமே திருகோணமலைக் கடலடியில் கோணேஸ்வரம் கோயிலின் இடிபாடுகளைப் பார்த்தவர். 2008 இல் இறக்கும்வரை இலங்கையில்தான் இருந்தார். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பெடியன் "எங்களுக்குத் தெரிஞ்சிருந்தால் இதழ் அனுப்பியிருக்கலாமே" என்றான். அவன் 2008 இல் பிறந்தவன்.

எங்கள் மண்ணுக்கும் இது புதிதில்லை. 1946 இல் அச்சில் வந்த மறுமலர்ச்சி அதற்கு முன் கையெழுத்து இதழ்தான். டொமினிக் ஜீவா 1966 இல் மல்லிகை இதழைத் தொடங்கிக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்றார். போன இதழில் அந்தக் கதை சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய தூரத்தில் ஆசிரியர் நின்றார். சிரித்திரன் என்ற நகைச்சுவை இதழில் மகுடியாரிடம் கேள்வி கேட்டுவிட்டுத் தன் பெயர் வருமா என்று மாதம் முழுக்கக் காத்திருந்தவர்கள் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். நான் படித்த வகுப்பில் ஒரு கையெழுத்து இதழ் சுற்றியது. கடைசி நான்கு தாளை வெறுமையாக விட்டிருப்போம். வாசித்தவர் அதில் எழுதித்தான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். என் கவிதைக்குக் கீழே ஒருத்தி "இது விளங்கவில்லை" என்று எழுதிவிட்டுக் கையெழுத்தும் வைத்திருந்தாள். முப்பது வருடமாகியும் அந்த வரி எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு விளங்காமல் எழுதப் பயந்தேன், அது எனக்கு நல்லதாகத்தான் போனது.

கிணற்றுக் கடிதத்தை அடுத்த இதழில் ஒரு வரியும் வெட்டாமல் போடப்போகிறோம் என்று சொன்னதும் எனக்கு நெருக்கமான ஒருவர் கோபித்தார். "பிள்ளையளின்ர மனம் நொந்துபோகும், பிறகு எழுதமாட்டாங்கள், நல்லதை மட்டும் போடுங்கோ" என்றார். அவருடைய அக்கறை உண்மையானது. ஆனால் எனக்கு உடன்பாடில்லை. நாற்பது வருடத் தோட்ட அனுபவத்தை இரண்டு பக்கத்தில் எழுதி, தன் காசில் முத்திரை ஒட்டி அனுப்பிய ஒரு மனிதர் பதினேழு வயதுப் பெடியனை எழுத்தாளனாக மதித்திருக்கிறார். "சிறப்பு" என்று போட்டுவிட்டுப் போனவர் அவனைச் சின்னப் பிள்ளையாக நினைத்து முதுகில் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

எல்லாக் கடிதத்தையும் போடுவோம் என்றும் இல்லை. ஒன்றை நிறுத்திவிட்டேன். பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் ரொக்கெற்றுக் கதை, படிக்கிற வயதில் படிக்கட்டும் என்று வந்தது. அதில் கதையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, எழுதியவளைப் பற்றித்தான் எல்லாம். கதையைத் தொட்டு எவ்வளவு கடுமையாக எழுதினாலும் அச்சில் வரும். எழுதிய பிள்ளையைத் தொட்டால் வராது.

இன்னொரு எதிர்வினை ஒழுங்கையில் வந்தது. இலக்கியத்தில் ஊறிய பெரியவர், நான் மதிக்கிற மனிதர். சைக்கிளை நிற்பாட்டி, "எங்கட சனத்துக்கு இவ்வளவு பிரச்சினை இருக்கேக்க, பிள்ளை, செவ்வாய்க்கிரகம் எதுக்கு?" என்று கேட்டார். அவருக்கு நான் அன்று ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஐயா, யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றித்தானே வானொலி கேட்டோம். ஜாம் போத்தலில் திரி போட்டு அந்த வெளிச்சத்தில் நான் பௌதிகவியல் படித்தேன். பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தது. ஒன்றும் இல்லாத இடத்தில் ஒன்றைச் செய்துகொள்வது எப்படி என்று யோசித்தே வளர்ந்த சனத்தின் பிள்ளைகள், இல்லாத ஒன்றைப் பற்றிக் கதை எழுதுவதில் எனக்கு எந்த அந்நியமும் தெரியவில்லை. 2090 இன் உப்புக் கிணறு இன்றைக்கு வெங்காயத் தாளின் நுனியில் இருக்கிறது என்று அந்தத் தோட்டக்கார ஐயாவே எழுதிக் காட்டிவிட்டார். அதோடு, நீங்கள் மறித்துக் கேட்டதே எங்களுக்குப் பெரிய காரியம். அதைத் தாளில் எழுதித் தாருங்கள், முதல் பக்கத்தில் போடுகிறேன்.

சரி, ஒன்பதாவது ஆளுக்கு வருகிறேன். கம்பஸ் பிள்ளை எழுதிய கதையில் ஒரு இயந்திரம் வருகிறது. வீட்டுச் சுவர் ஒரு காலத்தில் கேட்ட குரல்களை அது திருப்பிக் கேட்கவைக்கும். பதினைந்து வருடத்துக்கு முன் காணாமல் ஆக்கப்பட்ட மாமாவின் குரலை அம்மம்மா கேட்கிறா. அவ்வளவுதான் கதை. அந்தப் பிள்ளையின் தெருவில் ஒரு அம்மா இருக்கிறா. மகனைத் தேடி வருடக்கணக்காகப் படத்தோடு கூட்டங்களுக்குப் போகிறவ. இந்தக் கதையை யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒருநாள் பின்னேரம் பிள்ளையின் வீட்டுப் படலையில் வந்து நின்று கேட்டிருக்கிறா:

"பிள்ளை, அந்த மிசினில கேக்கிற குரல் போகேக்க இருந்த குரலோ, இல்லாட்டி இப்ப இருக்கிற வயசுக் குரலோ?"

பிள்ளைக்குப் பதில் வரவில்லை. அன்றிரவு எனக்குப் போன் எடுத்து அழுதாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. விஞ்ஞானக் கதைக்காரர் எத்தனை பேர் கூடியிருந்தாலும் இதைவிடச் சரியான கேள்வியை அந்தக் கதையிடம் கேட்டிருக்க மாட்டார்கள். இயந்திரம் கடந்த காலத்தைப் பிடிக்கிறதா, ஆளையே பிடிக்கிறதா என்று கதை முடிவெடுக்கவில்லை, அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டா. முதல் விடையில் மகன் போனவன், இரண்டாவதில் எங்கோ இருக்கிறவன்.

நான்காவது இதழ் தைப்பொங்கலுக்கு வருகிறது. 2022 இல் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன நாடு இது. போட்டோக்கொப்பி விலை இன்னும் எங்கள் கைக்குள் இல்லை, அதனால் 120 பிரதிக்கு மேல் போக முடியாது. மூன்றாவது இதழுக்குக் கடிதம் எழுதியவர்களுக்கும் குரல் அனுப்பியவர்களுக்கும் முதலில் பிரதி போகும், காசு வேண்டாம். நான்கு வரி போதும், பிழையாக எழுதினாலும் பரவாயில்லை, எந்தக் கதையில் எந்த இடம் ஒட்டவில்லை என்று சொல்லுங்கள். கடைசி நான்கு பக்கத்தை வெறுமையாகவே விடுகிறோம், வாசித்துவிட்டு எழுதி அடுத்தவர் கையில் கொடுங்கள்.

அம்மாவின் கேள்வியை அவ சொன்னபடியே அச்சிடலாமா என்று பிள்ளை போய்க் கேட்டாள். போடச் சொல்லிவிட்டா. தன் பெயரும் வேண்டாம், படமும் வேண்டாம், ஆனால் பதில் எழுதினால் கொண்டுவந்து வாசித்துக் காட்ட வேண்டும் என்றா. பிள்ளை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டாள். மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கிறாள்.