எக்ஸ்ரே எடுத்த கையோடு குழந்தையைத் தூக்கலாம்

காசிமேடு பக்கம் காசநோய் முகாம் பற்றிய பேச்சில், 'நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால் கதிர்வீச்சு 2 நாள் உடம்பில் தங்கும், குழந்தையைத் தூக்கக்கூடாது' என்று ஒரு தகவல் வந்திருக்கிறது. பகிர்ந்தவர் அக்கறையில்தான் பகிர்ந்திருப்பார். ஆனால் அது சரியில்லைங்க.

எக்ஸ்ரே என்பது வெளிச்சம் மாதிரி. மெஷினை நிறுத்திய நொடியே முடிந்தது, உடம்பில் எதுவும் தங்காது. நெஞ்சு எக்ஸ்ரேயின் அளவும் சுமார் 0.1 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), அல்லது அதற்கும் குறைவு. மண், காற்று, வானத்திலிருந்து இயற்கையாகவே உலக சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் நம் மேல் படுகிறது.

தைராய்டு சிகிச்சைக்குக் கொடுக்கும் அயோடின்-131 வேறு விஷயம். அது உடம்புக்குள் போய், அங்கிருந்தே கதிர்வீச்சை வெளிவிடும் மருந்து. அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே சுமார் 8 நாள். அதற்குத்தான் குழந்தைகளிடமிருந்து விலகி இருக்கச் சொல்வார்கள். இரண்டும் குழம்பிப்போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு அக்கா ஒருவர் இதை நம்பி, கைக்குழந்தைக்கு ஒரு நாள் முழுக்கப் பால் கொடுக்கவில்லை. மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே அறையில் இருப்பவரிடமே கேளுங்கள். சர்வதேச அணுசக்தி முகமையின் இணையதளத்தில் நோயாளிகளுக்கான பக்கத்திலும் பார்க்கலாம்.