உள்ளங்கையைப் பார்த்தாலே லூசிட் ட்ரீம் வருமா?

"தினமும் பத்து முறை உள்ளங்கையைப் பார்த்து 'இது கனவா?' என்று கேளுங்கள், ஒரே வாரத்தில் கனவு உங்கள் கட்டுப்பாட்டில்" என்று லூசிட் ட்ரீம் (கனவு காணும்போதே இது கனவு என்று உணர்வது) பற்றி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

2017-இல் வெளியான அடிலெய்டு பல்கலைக்கழக ஆய்வில், விழித்திருக்கும்போது 'இது கனவா?' என்று பார்க்கும் பகல் சோதனை மட்டும் செய்தவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. அதோடு அதிகாலைப் பயிற்சியையும் சேர்த்தவர்களுக்கு, ஒரு வாரத்தில் சுமார் 17 சதவீத இரவுகளில் பலித்தது.

அந்தப் பயிற்சி இதுதான். ஐந்து மணி நேரம் தூங்கியதும் அலாரம் வைத்து எழுங்கள். சற்றுமுன் கண்ட கனவை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். "அடுத்த கனவில், இது கனவு என்பது எனக்கு நினைவுக்கு வரும்" என்று பொருள் உணர்ந்து சொல்லியபடியே, அந்தக் கனவுக்குள் விழித்துக்கொள்வதாகக் கற்பனை செய்துகொண்டு தூங்குங்கள். கனவு மிகுந்த தூக்கம் இரவின் பிற்பகுதியில்தான் நீள்கிறது. படுத்தவுடனே செய்து பயனில்லை. ஐந்து நிமிடத்துக்குள் மீண்டும் தூங்கியவர்களுக்கு வெற்றி 46 சதவீதம்.

பகல் சோதனைக்குக் கையைவிட மூக்கு நல்லது: மூக்கைப் பொத்தி, வாயை மூடி மூச்சிழுங்கள். கனவில் பெரும்பாலும் காற்று வரும். ஆனால் யோசிக்காமல் செய்தால் கனவிலும் யோசிக்காமலேதான் செய்வீர்கள். சுற்றுமுற்றும் பார்த்து, உண்மையிலேயே சந்தேகப்பட வேண்டும்.

தூக்கம் ஏற்கெனவே குறைவாக உள்ளவர்கள் அலாரம் வைக்க வேண்டாம்.