மனாஸ்: 5 லட்சம் வரியும் ஏழு கட்டளையும்

மத்திய ஆசியாவில் வாழும் கிர்கிஸ் மக்களின் மனாஸ் காவியத்தைப் பற்றி யார் பதிவு போட்டாலும் முதலில் ஓர் எண் வந்து உட்கார்ந்துகொள்கிறது: 5 லட்சம் வரிகள். அடுத்து, 'மகாபாரதத்தைவிட இரண்டரை மடங்கு பெரியது'. லைக் குவியும், கதை முடிந்தது. எனக்கு அந்த எண்ணின்மேல் கொஞ்சம் எரிச்சலே உண்டு.

ஏனென்றால் அது காவியத்தின் நீளமே இல்லை. சயக்பாய் கரலாயெவ் (1894-1971) என்ற ஒருவர் பாடப் பாட எழுதியெடுத்ததன் நீளம். நாயகன் மனாஸ், மகன் செமெதெய், பேரன் செய்தெக் என்று மூன்று தலைமுறைக் கதையும் சேர்ந்தது. அவருக்கு முன்னால் 1922 முதல் 1926 வரை சகிம்பாய் ஒரஸ்பாகவ் பாடிப் பதிவானதில் மனாஸின் கதை மட்டும்தான் இருக்கிறது. அதுவே 1,80,000 வரிகளைத் தாண்டும். இரண்டில் எது மூலம்? எதுவும் இல்லை. மூலம் என்ற ஒன்றே அங்கே கிடையாது என்பதுதான் விஷயம்.

பாடுகிறவரை மனாஸ்சி என்பார்கள். அகின் எனப்படும் பாவலர்களுக்காவது கையில் கோமுஸ் என்ற மூன்று தந்தி வாத்தியம் இருக்கும். மனாஸ்சிக்கு அதுவும் இல்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெறும் குரலையும் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு தொடங்குவார். வரிக்கு ஏழெட்டு அசை. போர் வந்தால் மூச்சு விடாமல் ஓடும், சாவு வந்தால் இழுத்து அழும். சில சமயம் பாடுகிறவரே அழுதுவிடுவார். அடுத்தடுத்த வரிகள் ஒரே ஒலியில் தொடங்கி வந்து விழும்போது, மோனை பழகிய நம் காதுக்கு மொழி தெரியாமலே ஏதோ பிடிபடுகிறது. கனவில் மனாஸோ அவன் தோழர்களோ வந்து 'பாடு' என்று சொன்னதால்தான் பாட வந்தேன் என்பது மனாஸ்சிகள் பலரும் சொல்வது. எனக்கு அது மூடநம்பிக்கையாகப் படவில்லை. இன்னொருவர் பாடியதை ஒப்பிப்பவன் அல்ல நான், எனக்கே நேராக உரிமை வந்தது என்கிற அறிவிப்பாகத்தான் படுகிறது.

1860களில் ராட்லவ் என்ற அறிஞர் ரஷ்யப் பேரரசின் சார்பில் போய் இதை எழுதியெடுத்தார். எதிரே உட்கார்ந்திருப்பது ரஷ்ய அதிகாரி என்று தெரிந்ததும் பாடகர் மனாஸை வெள்ளை ஜாரின், அதாவது ரஷ்யச் சக்கரவர்த்தியின், நண்பனாக்கிவிட்டார்! ராட்லவே இதைக் குறித்துவைத்திருக்கிறார். கலப்படம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். கேட்பவரைப் பார்த்துப் பாடுவதுதானே இந்தக் கலையே.

இந்தச் சுதந்திரம் அரசுகளுக்கு எப்போதுமே ஒத்துவராது. சோவியத் ஆட்சியில், 1952இல், ஃப்ரூன்சேயில் (இன்றைய கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கேக்) ஒரு மாநாடு கூட்டி, மனாஸ் மக்கள் காவியமா பிற்போக்கா என்று விசாரணையே நடத்தினார்கள். காவியம் எப்படியோ தப்பியது. அப்புறம் பல பாடகர்களின் வடிவங்களை வெட்டி ஒட்டி, 1958-60இல் ஒரு தொகுப்பு வடிவம் அச்சாகி வந்தது. சரி, சோவியத் போனதே, நிலைமை மாறியதா? 1995இல் மனாஸின் ஆயிரமாவது ஆண்டு என்று பெரிய விழா எடுத்தார்கள். அப்போதைய கிர்கிஸ்தான் அதிபர் அகாயெவ் காவியத்திலிருந்து ஒற்றுமை, நாட்டுப்பற்று, உழைப்பு என்று ஏழு கட்டளைகளைப் பிழிந்தெடுத்துக் கொடுத்தார். மனாஸ் அடங்காதவன், கோபக்காரன், நண்பர்கள் பேச்சைக் கேட்காமல் அடிபடுகிறவன். அவனைப் போய்ப் பள்ளிக்கூடச் சுவரில் எழுதும் பொன்மொழி ஆக்கியாயிற்று. 2005இல் மக்கள் எழுச்சியில் அகாயெவே நாட்டைவிட்டு ஓடினார்.

மக்கள் இதைக் கையாளும் விதம் வேறு. கிர்கிஸ்தானின் தலாஸில் மனாஸின் சமாதி என்று அவர்கள் போற்றும் 14ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தின் முகப்பில் ஒரு பெண்ணின் பெயர்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் கதை தயார்: எதிரிகள் வந்து சிதைத்துவிடக் கூடாது என்று மனாஸின் மனைவி கனிக்கெய்தான் அப்படிப் பொய்யாக எழுதவைத்தாளாம். கல்வெட்டையே கதைக்குள் இழுத்துப் போட்டுவிட்டார்கள்.

2009இல் சீனா மனாஸைத் தன் மரபு என்று யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது கிர்கிஸ்தானில் பலருக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? காவியத்தின் உச்சமே பெய்ஜின்மீது மனாஸ் போகும் பெரும் படையெடுப்புதான். ஆனால் அவனுடைய உயிர்த்தோழன் அல்மம்பெத் அந்தப் பக்கத்திலிருந்து பிரிந்து வந்த இளவரசன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதோடு, சீனாவின் சின்ஜியாங்கில் வாழ்ந்த கிர்கிஸ் மனாஸ்சி ஜூசுப் மமாய் (1918-2014) எட்டுத் தலைமுறைக் கதையை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகளில் பாடியவர். அண்ணன் சேர்த்துவைத்த கையெழுத்துப் படிகளைப் படித்தே கற்றவர் அவர். ஆக, ஏடு தொடாத வாய்மொழிதான் அசல் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கும் அவரிடம் பதில் இருக்கிறது. கலாசாரப் புரட்சியில் பதிவுகள் தொலைந்துபோக, பிற்பாடு மறுபடியும் உட்கார்ந்து பாடிக் கொடுத்தார். எல்லைக்கு எந்தப் பக்கம் என்பதற்காக அவரை விலக்கிவைப்பது எனக்குச் சம்மதமில்லை. கிர்கிஸ்தானின் பெயரில் மூன்று பகுதிகளும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது 2013இல்.

சயக்பாய் பாடுவதை 1965இல் போலத் ஷம்ஷியெவ் படம் எடுத்திருக்கிறார். கறுப்பு வெள்ளை, சின்னப் படம். கிடைத்தால் பாருங்கள், மொழிபெயர்ப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை.