முடியாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்

வீடு கட்ட அனுமதி கேட்டுப் பேரூராட்சிக்கோ நகராட்சிக்கோ போய்வருகிறவர்கள், அங்கே மரியாதை இல்லை என்று குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. நம் குமரி மாவட்டத்தில் நான் பார்த்தவரை பெரும்பாலும் நன்றாகவே பேசுகிறார்கள். "உட்காருங்கக்கா" என்று நாற்காலி காட்டுகிறவர்களும் உண்டு. விண்ணப்பத்தில் என்னென்ன குறை என்பதை ஒரே தடவையில் முழுதாகச் சொல்கிறவர்களைத்தான் காணோம்.

எங்கள் வீட்டு விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். பாகப்பிரிவினையில் கிடைத்த பத்து சென்ட். தம்பிக்கு வளைகுடாவில் வேலை. விடுமுறைக்கு வரும்போது அடிக்கல் போட்டுவிட வேண்டும் என்று கணக்கு. வரைபடம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் இஞ்சினியர் ஆன்லைனில் ஏற்றினார். பத்திரத்தில் பழைய சர்வே எண், பட்டாவில் ரீசர்வே எண் (மறுபடி அளந்து கொடுத்த புது எண்), இரண்டும் ஒரே இடம்தான் என்று காட்டுங்கள் என்று முதலில் திருப்பினார்கள். நியாயம். கொடுத்தோம். அடுத்து, மூலப்பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது, தமிழாக்கம் வேண்டும் என்றார்கள். அதுவும் சரிதான். 1956 நவம்பர் 1 வரை நாம் மலையாளப் பக்கம், திருவிதாங்கூர்-கொச்சியில். இங்கே எத்தனையோ வீட்டு அலமாரிகளில் இன்னும் மலையாளப் பத்திரம்தான் இருக்கிறது. அப்புறம் வழிப்பாதை. அது யாருக்குச் சொந்தம், எவ்வளவு அகலம்?

மூன்றும் கேட்கவேண்டிய கேள்விகள்தான். ஆனால் மூன்றுமே முதல் நாளே அந்தக் காகிதங்களில் தெரிந்தவை. ஒன்றாகக் கேட்டிருந்தால் ஒன்றாகவே கொடுத்திருப்போம். தம்பி விடுமுறை முடிந்து விமானம் ஏறிவிட்டான். பிறகு அனுமதி வந்தபோது அம்மாதான் கல் போட்டார்.

ஏன் இப்படித் தவணை முறையில் குறை சொல்கிறார்கள்? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவது எளிது. ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால் வேறு விஷயம் தெரியும். கட்டட ஃபைலைப் பார்க்கிறவரேதான் குடிநீர்க் குழாய் உடைந்தாலும் ஓட வேண்டும், ரோட்டு வேலைக்கு அளவும் எடுக்க வேண்டும். அவர் ஃபைலைத் திறக்கிறார், முதல் குறை கண்ணில் படுகிறது, எழுதித் திருப்பிவிடுகிறார். அன்றைக்கு அந்த ஃபைல் அவர் கணக்கில் இல்லை. மீதிக் குறைகள் அடுத்த சுற்றில்.

இந்தச் சுற்றுகளுக்கு நடுவில்தான் 'கவனிப்பு' நுழைகிறது. இன்னும் எத்தனை குறை பாக்கி என்று தெரியாத ஆள்தான் பணத்தை எடுக்கிறார். தன் விண்ணப்பத்தில் இன்ன இரண்டு குறைதான், வேறொன்றும் இல்லை என்று எழுத்தில் வாங்கிய ஆள் எதற்குக் கொடுக்கப் போகிறார்? லஞ்ச ஒழிப்பு பேசுகிறவர்கள் இந்தச் சின்ன இடத்தைக் கொஞ்சம் பார்க்கலாம்.

ஆன்லைன் வந்தபிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்கிறார்கள். ஓரளவு உண்மை. ஃபைல் காணாமல் போவதில்லை. ஆனால் எங்கள் விண்ணப்பத்தில் கொடுத்திருந்தது இஞ்சினியரின் கைபேசி எண். ஓ.டி.பி. அவருக்கு, குறுஞ்செய்தி அவருக்கு, திருப்பி அனுப்பிய காரணமும் அவருக்கு. வீட்டுக்காரருக்கு வருவது "ஆபீஸ்ல பெண்டிங்" என்ற ஒற்றை வரி மட்டும். ஃபைல் உண்மையில் ஆபீஸில் இருக்கிறதா, இஞ்சினியர் மேசையிலேயே தூங்குகிறதா என்று கேட்க வழியில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரரின் எண்ணைக் கட்டாயமாக வாங்கி, அதற்கும் தமிழில் ஒரு செய்தி போகும்படி செய்ய என்ன பெரிய செலவு?

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது, விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே சான்று கொடுப்பது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளம் அல்லது தரையும் ஒரு மாடியும் என்றால் ஆன்லைனில் உடனே அனுமதி. நல்ல திட்டம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் 2,500 சதுர அடி என்பது நம் கணக்கில் ஐந்தே முக்கால் சென்ட்கூட முழுதாக இல்லை. லேஅவுட் போட்டு மனை விற்கும் ஊர்களுக்கு அது பொருந்தும். தக்கலை, கருங்கல், குலசேகரம் பக்கம் வீடு என்றால் நாலு தென்னை, ஒரு பலா, கிணறு எல்லாம் சேர்ந்ததுதான். ஆயிரம் சதுர அடி வீடே கட்டினாலும் பத்து சென்ட் பூமியில் நிற்பதால் பழைய வரிசையில்தான் போய் நிற்க வேண்டும்.

களியக்காவிளை தாண்டிப் பாறசாலையில் இருக்கும் உறவினர்களிடம் கேட்டால் நமக்குப் பொறாமை வரும். கேரளத்தில் 2012லேயே சேவை உரிமைச் சட்டம் வந்துவிட்டது. எந்தச் சேவை எத்தனை நாளில் என்று அறிவிக்க வேண்டும், காரணமில்லாமல் தாமதித்த அதிகாரிக்கு அபராதமும் போடலாம். 2024 தொடக்கத்தில் நகரங்களில் கே-ஸ்மார்ட் என்ற ஆன்லைன் சேவையைத் தொடங்கினார்கள். அங்கே 300 சதுர மீட்டர் வரையிலான சிறிய வீடுகளுக்கு உடனடி அனுமதி. நம் அளவில் சுமார் 3,200 சதுர அடி. அங்கேயும் புலம்பல் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் எத்தனை நாள் என்பதாவது சுவரில் எழுதியிருக்கும்.

எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு அனுமதி கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2021 நவம்பர் வெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். குளத்தையும் கால்வாய்க் கரையையும் வயலையும் மண்ணடித்து நிரப்பினால் தண்ணீர் எங்கே போகும்? வடக்கே மலை, மலைப்பகுதிப் பாதுகாப்புக்குள் வரும் கிராமங்கள். இந்தப் பக்கம் கடல், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை விதிகள். இடையில் கோயில் நிலம், புறம்போக்கு. இத்தனை விதிகள் ஒரு சின்ன மாவட்டத்தில் வந்து மோதுகின்றன. சில இடங்களில் 'முடியாது' என்றுதான் சொல்ல வேண்டும், சொல்லவும் வேண்டும்.

அதை எப்போது சொல்கிறார்கள் என்பதில்தான் என் சண்டை. நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து, பத்திரம் முடித்து, நகையை அடகு வைத்து, வரைபடத்துக்கும் காசு கொடுத்த பிறகு, அது வயல், கட்ட முடியாது என்று கேள்விப்படுகிறவரை நினைத்துப் பாருங்கள். புரோக்கர் சொல்ல மாட்டார், விற்கிறவர் சொல்ல மாட்டார். அரசாங்கத்தின் இணையதளத்தில் பட்டா, நிலத்தின் விவரம் உள்ள அ-பதிவேடு, அளவு வரைந்த புலப்படம் எல்லாம் பார்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் ரீசர்வே எண்ணைக் கண்டுபிடித்து, உட்பிரிவு பார்த்து, அந்த இடத்துக்கு என்ன தடை என்று புரிந்துகொள்வது அறுபது வயது அம்மாக்களால் ஆகிற காரியமா?

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். வாரத்தில் ஒரு காலை வேளை, சர்வே எண்ணோடு யார் வந்தாலும், விண்ணப்பம் போடும் முன்பே, ஏன், நிலம் வாங்கும் முன்பே, "இங்கே கட்டலாம், இன்னின்ன காகிதம் வேண்டும்" அல்லது "கட்ட முடியாது, இந்த விதிப்படி" என்று ஒரு சீட்டில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் வந்த பிறகு, எல்லாக் குறையையும் ஒரே தடவையில் எழுத வேண்டும். முதல் பட்டியலில் இல்லாத குறையைப் பின்னால் கேட்டால், ஏன் முதலில் விட்டுப்போனது என்று அதற்குக் கீழே காரணம் எழுத வேண்டும். அப்படி எழுத வேண்டியிருந்தாலே பாதிக் கேள்விகள் முன்னுக்கு வந்துவிடும். இடம் பார்க்க வரும் நாளை முந்தின நாளாவது சொல்லுங்கள். "சார் ஃபீல்டுக்குப் போயிருக்காரு" என்று அங்கே சொல்ல, ஃபீல்டில் நாம் காத்துக் கிடக்கிற கூத்து போதும்.

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாமே என்பார்கள். கொடுக்கலாம். நாகர்கோவிலுக்குப் போய்க் கொடுத்த மனு சுற்றிவந்து, எந்த மேசையைப் பற்றிக் குறை சொன்னோமோ அதே மேசைக்குத்தான் 'தக்க நடவடிக்கைக்கு' என்று வந்து சேரும்.

மாவட்டத்தில் சுமார் ஐம்பது பேரூராட்சிகள். எல்லாவற்றுக்கும் சென்னையிலிருந்து உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு காலை வேளை என்பதை மன்றக் கூட்டத்தில் பேசி ஓர் ஊரில் தொடங்கிப் பார்க்கலாம். எங்கள் வார்டு கவுன்சிலரிடம் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இதைப் போட்டா கூட்டம் வருமே" என்றார். கூட்டம் இப்போதும் வரத்தான் செய்கிறது, ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்றேன். அடுத்த கூட்டத்தில் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பெயரை மாற்றிக் கொடுக்க விரும்புகிறவர்கள் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன்.