சூப்பர்மேனும் அந்தக் கழுத்தும்

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்கா மகனோடு வாய்ச்சண்டை. 2013இல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தை மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறான். "மாமா, வில்லன் ஜாடோட கழுத்தை சூப்பர்மேன் முறிச்சதுல என்ன தப்பு? அவனுக்கு வேற வழியே இல்லையே" என்று ஆரம்பித்தான். சாயங்காலம் வரை முடியவில்லை. மிச்சத்தை இங்கே கொட்டுகிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் காட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ரயில் நிலையம். தன்னைப் போலவே கிரிப்டோன் கிரகத்திலிருந்து வந்த ஜாடின் கழுத்தை சூப்பர்மேன் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருக்கிறான். ஜாடின் கண்ணிலிருந்து வரும் வெப்பக் கதிர் சுவரை அறுத்துக்கொண்டு, மூலையில் ஒடுங்கி நிற்கும் ஒரு குடும்பத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. நிறுத்து என்று இவன் கெஞ்சுகிறான். மாட்டேன் என்கிறான் அவன். மளுக்கென்று ஒரு சத்தம். அப்புறம் சூப்பர்மேன் மண்டியிட்டு அலறுகிறான்.

அந்த நொடியில் வேறு வழி இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குடும்பத்தை மூலையில் கொண்டுபோய் நிறுத்தியது ஜாட் இல்லை, திரைக்கதை எழுதியவர். எல்லாக் கதவையும் தன் கையாலேயே சாத்திவிட்டு, 'பாவம், அவன் வேறென்ன செய்வான்' என்று நம்மிடமே கேட்டால் எப்படி? ஜாடைத் தூக்கிக்கொண்டு மேலே பறந்திருக்கலாமே, கண்ணைப் பொத்தியிருக்கலாமே என்று இணையத்தில் பத்து வருடத்துக்கும் மேலாகச் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. ஒரு கதவு திறந்திருந்தால் அதையும் சாத்திவிட்டு எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான்.

என் கோபம் அதற்கு அடுத்த காட்சி மேல். அலறுகிறவனை அவன் காதலி லோயிஸ் வந்து அணைத்துக்கொள்கிறாள். சட்டென்று காட்சி மாறுகிறது. தன்னை உளவு பார்த்த ராணுவ ட்ரோனை உடைத்து ஜெனரலின் வண்டி முன்னால் போடுகிறான் சூப்பர்மேன், நாலு வார்த்தை பேசுகிறான், பறந்துவிடுகிறான். கூட நிற்கும் பெண் அதிகாரி முகத்தில் சிரிப்பு. ஏன் சிரிக்கிறாய் என்று ஜெனரல் கேட்டால், ஆள் பார்க்க நன்றாக இருக்கிறான் என்கிறாள். தியேட்டரே சிரித்தது. கொஞ்ச நேரம் முன்னால்தான் இந்தக் கை ஒருவனைக் கொன்றது என்பது படத்துக்கே மறந்துபோயிருந்தது.

சூப்பர்மேன் கொல்லவே கூடாது என்று சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆள் நான் இல்லை. காமிக்ஸில் அவன் கொன்றிருக்கிறான். 1988இல் ஜான் பைர்ன் எழுதி வரைந்த கதையில், ஒரு குட்டிப் பிரபஞ்சத்தின் பூமியையே அழித்த மூன்று கிரிப்டோனியக் குற்றவாளிகளை அவனே தண்டனை கொடுத்துக் கொல்கிறான், கிரிப்டோனியர்களின் உயிரையே குடிக்கும் பச்சை கிரிப்டோனைட் கல்லைக் காட்டி. அதிலும் ஒருவன் பெயர் ஜாட். ஆனால் அந்தக் கொலை அந்த இதழோடு முடியவில்லை. அடுத்த பல மாதங்களுக்கு அது அவனை அரிக்கிறது. மனம் பேதலித்து, தன்னையறியாமலே வேறொரு முகமூடியை மாட்டிக்கொண்டு ஊருக்குள் சுற்றுகிறான். அது தெரியவந்ததும், தன்னை நம்பி இங்கே இருக்க முடியாது என்று பூமியை விட்டே போய்விடுகிறான்.

அதற்கும் இரண்டு வருடம் முன்னால், 1986இல், ஆலன் மூர் எழுதிய கதை. எத்தனையோ வருடமாகக் கோமாளி வில்லனாக வந்துபோன மிக்ஸியெஸ்பிட்லிக், சும்மா பொழுது போகாமல் கொலைகாரனாக மாறுகிறான். (இந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்காதீர்கள். என் காதில் விழுந்த மாதிரி எழுதியிருக்கிறேன்.) சூப்பர்மேன் அவனைக் கொல்கிறான். லோயிஸ், உனக்கு வேறு வழியில்லையே என்கிறாள், அப்படியே என் மருமகன் சொன்ன மாதிரி. அவன் அதைக் காதில் வாங்கவில்லை. கொல்ல யாருக்கும் உரிமையில்லை, எனக்கு அறவே இல்லை என்று சொல்லிவிட்டுத் தங்க நிற கிரிப்டோனைட் இருக்கும் அறைக்குள் நடந்து போய் எல்லாச் சக்தியையும் தொலைக்கிறான். இந்த இரண்டு கதைகளும் இருட்டானவைதான். நான் அடிக்கடி எடுத்துப் படிப்பதும் இவற்றைத்தான்.

"ஆரம்பத்துல அவன் முரடன்தானே மாமா" என்றான் அடுத்து. சரிதான். ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் உருவாக்கி 1938இல் வெளிவந்த சூப்பர்மேன் சாது இல்லை. மனைவியை அடிப்பவனைச் சுவரில் வீசுவான், லஞ்சப் பேர்வழியைத் தூக்கிக்கொண்டு மின்கம்பி மேல் ஓடுவான். கொலை கூடாது என்ற விதியே 1940 வாக்கில் விட்னி எல்ஸ்வொர்த் என்ற எடிட்டர் போட்டது. ஆபீஸ் உத்தரவாகப் பிறந்த விதி, அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த முதல் கதையில் அவன் செய்யும் முதல் வேலை என்ன தெரியுமா? செய்யாத கொலைக்காக ஒரு பெண்ணை மின்சார நாற்காலியில் உட்கார வைக்கப்போகிறார்கள். சில நிமிடங்கள்தான் பாக்கி. உண்மைக் குற்றவாளியைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து கவர்னர் வீட்டுப் புல்வெளியில் போட்டுவிட்டு, தடுக்கிற வேலைக்காரரை அப்படியே தூக்கிக்கொண்டு, இரும்புக் கதவைப் பெயர்த்தெறிந்து, தூங்குகிற கவர்னரை எழுப்பித் தண்டனையை நிறுத்தச் சொல்கிறான். எடிட்டர் விதி போடுவதற்கு முன்பே, அரசாங்கம் செய்யவிருந்த ஒரு கொலையைத் தடுக்கத்தான் அந்த முரட்டுப் பையன் கதவை உடைத்தான். இதைச் சொன்னதும் மருமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இப்போது இருட்டு சூப்பர்மேன்களுக்குப் பஞ்சமில்லை. 'தி பாய்ஸ்' தொடரின் ஹோம்லேண்டர் இருக்கிறான், 'இன்வின்சிபிள்' கதையின் ஆம்னிமேன் இருக்கிறான், 'இன்ஜஸ்டிஸ்' விளையாட்டில் ஜோக்கரைக் கொன்றுவிட்டு உலகத்தையே அடக்கியாளும் சர்வாதிகாரி சூப்பர்மேனும் இருக்கிறான். ஹோம்லேண்டரை நானும் ரசித்துத்தான் பார்க்கிறேன். சூப்பர்மேன் உடையின் அந்த நீலமும் சிவப்பும் நமக்கு என்னவாக இருந்தது என்று தெரிந்தால்தான் அவன் சிரிப்பு வயிற்றைக் கலக்கும். அசலையும் அப்படியே ஆக்கிவிட்டால் நையாண்டி செய்ய மிச்சம் என்ன இருக்கும்? தவிர, எதை வேண்டுமானாலும் கிழித்துவிட முடிகிறவன் ஒரு எதிரியைக் கிழிப்பதில் பார்க்க என்ன இருக்கிறது? நாலைந்து முறை பார்த்தால் சலித்துவிடுகிறது.

2025இல் வந்த ஜேம்ஸ் கன் படத்தில் ஒரு ராட்சத மிருகத்தோடு சண்டை நடக்கும் நடுவில் சூப்பர்மேன் ஓர் அணிலைத் தூக்கிக்கொண்டு பறப்பான். நிறையப் பேர் கிண்டல் செய்தார்கள். எனக்கு அணிலை விட அந்த மிருகம்தான் முக்கியமாகப் பட்டது. அதையும் கொல்லாமல் எப்படி அடக்குவது என்றுதான் அவன் தவிக்கிறான். கூட இருக்கும் ஹீரோக்கள் கொன்று முடித்துவிடுகிறார்கள். அவன் முகம் வாடிப்போகிறது. கழுத்து முறிந்த காட்சியின் அலறலை விட அந்த வாடின முகத்தை நான் நம்பினேன்.

இவ்வளவும் சொல்லி முடித்த பிறகு பயல் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். 1980இல் வந்த 'சூப்பர்மேன் 2'. அதில் சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ், சக்தி இழந்து நிற்கும் அதே ஜாடின் கையை நொறுக்கி, தூக்கிப் பனிப்புகை மண்டிய பள்ளத்துக்குள் எறிகிறார். அலறல் இல்லை, வருத்தம் இல்லை, முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட. "இது மட்டும் ஓகேயா மாமா?"

வில்லன்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போவது போலக் காட்சி எடுத்து, பிறகு படத்திலிருந்து வெட்டிவிட்டார்கள் என்று சமாளித்தேன். உண்மைதான் அது. ஆனால் சின்ன வயதில் அந்தப் படத்தைப் பார்த்தபோது அப்படியொரு காட்சி இருப்பதே எனக்குத் தெரியாது. ஜாட் பள்ளத்தில் விழுந்ததும் நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டினேன். அதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.