செக்கில் ஆட்டினால் கொழுப்பு மாறிவிடாது

செக்குத் தேங்காயெண்ணெய் ரத்தக்குழாய் அடைப்பையே கரைக்கும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருப்பது கொஞ்சம் ஓவர். செக்கோ ஆலையோ, தேங்காயெண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்புதான், கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம் என்ற நிறைவுற்ற கொழுப்பு அமிலம், அது எச்டிஎல் என்ற நல்ல கொலஸ்ட்ராலை ஏற்றுவது உண்மை, ஆனால் கூடவே எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலையும் ஏற்றிவிடும், அதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? செக்கு எண்ணெயில் பாலிஃபீனால் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள் கூடுதலாகத் தங்கும், சரி, அதற்காகக் கொழுப்பின் கணக்கு மாறாது. நல்லெண்ணெயில் ஒலிக், லினோலிக் என்ற நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் இரண்டும் சேர்ந்தே 80 சதவீதத்தை ஒட்டி வரும், எள்ளுக்கே உரிய செசமின் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள் வேறு இருக்கிறது. மத்தி மீனைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை! ஆளிவிதையின் ஒமேகா-3 உடம்புக்குள் போய், மீனில் இருக்கும் ஒமேகா-3 வகையான இபிஏவாக மாறுவது ரொம்பக் கொஞ்சம், மத்தியில் அது நேரடியாகவே கிடைக்கிறது. அப்புறம், எந்த எண்ணெயானாலும் பஜ்ஜி சுட்டுக் கறுத்துப்போன மிச்சத்தை மறுநாள் தாளிக்க எடுக்காதீர்கள்.