வசனம் வந்தால் மிருதங்கம் நிற்கும்

தியேட்டரில் சத்தம் அதிகம் என்று அலுத்துக்கொள்பவர்களின் கட்சியில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். நான் வடஆற்காட்டுக்காரன். தெருக்கூத்தில் முகவீணை என்ற சின்ன நாதசுரம் போன்ற ஊதுகருவியின் கீச்சுக்குரலை விடிய விடியக் கேட்டுவிட்டுக் காலையில் பள்ளிக்கூடத்தில் தூங்கி வழிந்தவன். சத்தம் எனக்குப் பகை இல்லை. நாயகன் நுழையும்போது நாற்காலி அதிர்ந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். அவர் நுழைந்து, உட்கார்ந்து, அம்மாவிடம் பேச ஆரம்பித்த பிறகும் அந்த அதிர்வு ஏன் ஓயமாட்டேன் என்கிறது என்பதுதான் என் வழக்கு.

ஆரணி, கலவை, செய்யாறு பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்கினி வசந்த விழாவின்போது கூத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவருவது புரியும். துரியோதனன் வேடம் கட்டியவர் நேராக ஆட்டக்களத்துக்கு வந்துவிடமாட்டார். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பின்னாலிருந்து முதலில் சலங்கை கேட்கும். பிறகு அவர் குரல். மிருதங்கமும் ஆர்மோனியமும் முகவீணையும் சேர்ந்து ஏறும்; பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வேறு வருகிறவரின் பெருமையைச் சொல்லிச் சொல்லி நம்மைச் சூடேற்றிக்கொண்டிருப்பான். முகத்தைக் காட்டாமல், காது வழியாகவே ஒரு மன்னனை உண்டாக்கி முடித்த பிறகுதான் துணி விலகும். இன்றைய படங்களில் செருப்பைக் காட்டி, கைக்காப்பைக் காட்டி, பின்னந்தலையைக் காட்டி, முகத்தைக் கடைசியில் காட்டுகிறார்களே, அந்த வித்தை எங்கள் ஊர்த் தெருக்களில் பல தலைமுறையாக நடந்துவருகிறது. ஆகவே அறிமுகக் காட்சி இசையைக் கேலி செய்யும் என் அறிவாளி நண்பர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அதை ரசிக்கத் தெரியாதவர்களுக்குத் துரியோதனன் விழும் படுகளக் கூத்தும் ரசிக்காது.

ஆனால் அதே கூத்தில் பாட்டு முடிந்து வசனம் தொடங்கியதும் வாத்தியக்காரர்கள் கையை எடுத்துவிடுவார்கள். துரியோதனன் பேசுவான், கட்டியங்காரன் குறுக்கே புகுந்து கிண்டல் செய்வான், சனம் சிரிக்கும். அந்த நேரமெல்லாம் மிருதங்கக்காரர் நிதானமாக வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார். மைக் இல்லாத காலத்தில் அப்படி நிறுத்தியிருக்காவிட்டால் கடைசி வரிசைக்கு ஒரு சொல்லும் போய்ச் சேர்ந்திருக்காது. மைக் வந்த பிறகும் அவர்கள் அந்த வழக்கத்தை விட்டுவிடவில்லை.

ஃபிலிம் காலத்துச் சினிமாவுக்கும் இப்படி ஒரு கட்டாயம் இருந்தது. ஃபிலிமின் ஓரத்தில் மெல்லிய ஒலிப்பட்டை ஒன்று ஓடும். அதன் ஊடாகப் பாயும் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம்தான் ஒலியாக மாறியது. கொட்டகைகளில் திரைக்குப் பின்னால் மட்டும்தான் ஒலிபெருக்கி இருக்கும். அடிவயிற்றைக் கலக்கும் முழக்கமோ, மிக நுண்ணிய கீச்சோ அந்தப் பட்டையில் ஒழுங்காக ஏறாது. மிஞ்சியது நடுப்பகுதி. மனிதக் குரல் இருப்பதும் அங்கேதான். ஒரே தெருவில் இரண்டு தேர் எதிரெதிரே போக முடியுமா? குரல் வரும்போது வயலின்கள் ஒதுங்கியே ஆகவேண்டும். அன்றைய இசையமைப்பாளர்களின் அடக்கத்தை நாம் பாராட்டுகிறோம். அதில் பாதி அந்த ஒலிப்பட்டைக்குச் சேரவேண்டியது என்பது என் எண்ணம்.

அதனால்தான் அந்தப் படங்களைக் காதால் மட்டுமே பார்க்க முடிந்தது. வானொலியில் ஒலிச்சித்திரம் என்று ஒரு மணி நேரத்துக்கு ஒரு படத்தின் ஒலியை மட்டும் போடுவார்கள். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் மரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியில் கதை வசன இசைத்தட்டு ஓடும். 1965-ல் வந்த திருவிளையாடல் படத்தைத் திரையில் பார்க்கும் முன்பே தருமியின் புலம்பலை மனப்பாடமாகச் சொன்னவர்கள் என் உறவிலேயே உண்டு. சென்ற ஆண்டு வந்த பெரிய படம் எதையாவது எடுத்து இப்படி ஒலியை மட்டும் போட்டுப் பாருங்கள். யார் யாரை அடிக்கிறார் என்பது தெரியும். எதற்கு அடிக்கிறார் என்பதைச் சொல்லும் வசனத்தைக் கண்டுபிடிப்பது கடினம்.

இசை இல்லாமல் எடுக்கச் சொல்கிறேனா என்று ஒருவர் கேட்பார், அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1954-ல் பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' எடுத்த எஸ். பாலசந்தர் ஒரு வீணை வித்துவான். பாட்டுக்காகவே சனம் படம் பார்த்த காலத்தில், ஒரு துப்பாக்கிச் சத்தத்தை நம்பிப் படத்தைத் தொடங்கினார். 2024-ல் பி.எஸ். வினோத்ராஜ் 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையையே எடுத்துவிட்டார். ஆட்டோ இன்ஜின், வண்டுகளின் இரைச்சல், தொண்டை கட்டிய சூரியின் கரகரப்பு, ஏறக்குறைய வாயே திறக்காத அந்தப் பெண்ணின் மௌனம், இவைதான் அங்கே எல்லாம். வழியில் எங்கோ ஒலிக்கும் பாட்டை அவள் தனக்குள் முணுமுணுப்பாள். அதிலிருந்துதான் அடி விழத் தொடங்கும். பின்னணி இசை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அந்த முணுமுணுப்பு யார் காதில் விழுந்திருக்கும்? எல்லோரும் இப்படி எடுக்கவேண்டியதில்லை. எனக்கே வருடத்துக்கு ஒன்று போதும்.

தவறு இயக்குநர்களுடையது மட்டும் என்றும் சொல்லமாட்டேன். 5.1 ஒலியமைப்பில் திரைக்குப் பின்னால் மூன்று ஒலிபெருக்கிகள். வசனம் பெரும்பாலும் நடுவில் இருப்பதில்தான் வரும். இரண்டு பக்கமும் சூழொலிக்கு. அந்தப் புள்ளி ஒன்று, தரையை நடுக்கும் கனத்த ஒலிக்கு. தியேட்டரின் ஒலியை இயக்கும் டால்பி கருவியின் ஒலியளவுக் குமிழில் 7 என்ற எண்தான் அளவு. அந்த அளவில் வைத்துக் கேட்டுத்தான் படத்தின் ஒலியைக் கலக்கவேண்டும் என்பது ஏற்பாடு. படம் காதைப் பிளக்கிறது என்று நாலு பேர் புகார் சொன்னால் தியேட்டர்காரர் 5-க்கு இறக்குகிறார். தியேட்டரில் எப்படியும் இறக்கத்தான் போகிறார்கள் என்று தெரிந்து அடுத்த படத்தை இன்னும் உரக்கக் கலக்குகிறார்கள். இவர் இன்னும் இறக்குகிறார். குமிழ் ஒன்றுதான், இறக்கினால் வெடிச்சத்தத்தோடு வசனமும் சேர்ந்தே இறங்கும். வெடிக்கு அது போதும், கிழவி ஒருத்தி தாழ்ந்த குரலில் சொல்லும் ரகசியத்துக்குப் போதாது.

எங்கள் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் நடு ஒலிபெருக்கியே கம்மிக் கிடக்கிறது. பெயர் சொல்லப்போவதில்லை. முழக்கம் மட்டும் கால் கட்டைவிரல் வரை வருகிறது. பேசுகிறவர்கள் எல்லோரும் பக்கத்து அறையிலிருந்து பேசுகிறார்கள். மே மாதத்து வேலூரில் ஏசிக்காகவே டிக்கெட் வாங்குகிறவர்கள் இருப்பதால் அவர்களுக்கு இது ஒரு குறையாகத் தெரியவில்லை போலும். நானும் அந்த ஏசிக்கு மயங்கிப் போகிறவன்தான், மறைக்கவில்லை.

எனக்கு வியப்பு பார்வையாளர்கள் மேல். முன்பெல்லாம் படம் கொஞ்சம் மங்கினால் போதும், ஆபரேட்டரின் பரம்பரையையே இழுத்துக் கூச்சலிடுவோம். இன்று ஒரு காட்சி முழுக்க வசனம் புரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் "என்ன சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். சென்ற முறை இடைவேளையில் மேலாளரைத் தேடிப் போய்ச் சொன்னேன். "வேறு யாரும் சொல்லவில்லையே சார்" என்றார். அவரை நான் குறைசொல்ல மாட்டேன். வரிசையில் எனக்குப் பின்னால் பாப்கார்னுக்கு நின்றவர்களில் இரண்டு பேர் அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அந்த அப்பா கடைசியில் என்னதான் சொன்னார் என்று. அவர்களும் வந்து சொல்லியிருந்தால் நாங்கள் மூன்று பேராக இருந்திருப்போம்.